கறுப்பு உறைக்குள் இருந்த மீட்டர்

கரண்ட், வோல்ட் பார்க்க எந்த மீட்டர் வாங்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கேட்டவர் மேல் இல்லை. பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு ஒரு இடத்தில் போய் நிற்கும். அந்த இடத்துக்குப் போக எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. புது டார்ச் செல் ஒன்று வாங்கிக்கொண்டு வா, மீட்டரை வெயிலில் வைத்துப் பார், அப்புறம் காசைக் கொடு என்பேன். இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை மீட்டர் விலை இல்லை.

எண்பதுகளின் நடுவில் பாகூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர். அதோடு மைக் செட்டுக்காரர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தேன். புதுச்சேரியில் மில் வேலையில் இருந்தவன்தான் நான். அதை விட்டுவிட்டுக் கடை வைத்தபோது என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "கம்பி சுட்டு ஈயம் வெச்சா சோறு வெந்துடுமா?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பாள். வேகும் என்று காட்ட எனக்கு ஒரே வழிதான் இருந்தது. பக்கத்து ஊரில் வைகாசியில் தேர் ஓடும். ஐந்தாறு கிராமத்துச் சனம் கூடும் தேர். அதில் என் ஆம்ப்ளிஃபயர் பாடிவிட்டால் அரியாங்குப்பத்திலிருந்து கரையாம்புத்தூர் வரை இருக்கிற மைக் செட்டுக்காரன் எல்லாம் என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். பாடாவிட்டால் மில் கேட்டில் போய் நின்று, போன வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல மீட்டர் வேண்டும். என்னிடம் இருந்தது பழைய முள் மீட்டர். ரேடியோவுக்கு அது போதும். பெரிய டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப்ளிஃபயரில் பாட்டு இல்லாதபோது எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று மில்லிவோல்ட் கணக்கில் பார்த்து வைக்க வேண்டும். முள்ளோ அந்த இடத்தில் தூங்கி எழுந்தவன் மாதிரி லேசாக ஒரு அசைவு அசைந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். எண்ணில் காட்டும் மீட்டர் புதுச்சேரிக் கடை ஒன்றில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. தொட்டுப் பார்க்கக் கேட்டேன். "வாங்கறதுன்னா எடுத்துக் காட்டறேன்" என்றார் கடைக்காரர். பார்க்காமல் எப்படி ஐயா வாங்குவது? கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்த்துத்தானே வாங்குகிறோம்! கோபத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் என் மாப்பிள்ளை வருகிறான். என் ஒரே தங்கையைக் கட்டியவன். ஏம்பலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதையும் விடமாட்டான். வாய் நிறைய "மச்சான்" என்று கூப்பிடுவான். அவனைத் தங்கைக்குப் பார்த்தவனே நான்தான். தொழில் தெரிந்தவன், குடிக்காதவன் என்று வீட்டில் அத்தனை பேரிடமும் அவனுக்காக வாதாடியவன்.

"சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தர் லீவுல வந்துகீறாரு மச்சான். கரையாம்புத்தூர்ல வூடு. ரெண்டு மீட்டர் எடுத்தாந்துகீறாராம். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. இன்னா சொல்ற?" என்றான் அவன்.

போய்ப் பார்த்தோம். இரண்டும் ஒரே அச்சு. மஞ்சள் உடம்பு, நடுவில் பெரிய திருகு, திருப்பினால் கடக் கடக்கென்று இடம் பிடித்து நிற்கும். நான் பார்ப்பதையெல்லாம் பார்த்தேன். இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்தால் பூச்சியம் நிற்கிறதா, கம்பியை மடக்கிப் பிடித்தால் எண் குதிக்கிறதா என்றெல்லாம். கையோடு கொண்டுபோயிருந்த புது செல்லை இரண்டிலும் வைத்தேன். இரண்டும் ஒன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரே எண்ணைக் காட்டின. வாங்கிவிட்டோம். சிங்கப்பூர்க்காரர் அந்த வாரமே விமானம் ஏறிவிட்டார்.

சித்திரை வெயில் அது. என் கடைக்குத் தகரக் கூரை. பகலில் உள்ளே உட்கார்ந்திருந்தால் ஆளே அவிந்துவிடுவான். நான் வேலை செய்யப்போவது அந்த வெக்கையில்தானே, மீட்டர் தாங்குமா என்று எனக்கு ஒரு எண்ணம். இரண்டையும் தகரத்துக்கு மேலே கொஞ்ச நேரம் வைத்து எடுத்து அதே செல்லைப் பார்த்தேன். ஒன்று அப்படியே ஒன்றரை காட்டியது. இன்னொன்று ஒன்றேகாலுக்கு இறங்கிவிட்டது. நிழலில் வைத்து ஆறவிட்டால் மறுபடி ஒன்றரைக்கு ஏறியது. சூடு பட்டால் குறைத்துக் காட்டுகிற வியாதி. அடச்சே என்று ஆகிவிட்டது எனக்கு. ஆளோ கடலைத் தாண்டிப் போய்விட்டார், யாரிடம் போய்க் கேட்பது?

மாப்பிள்ளை அப்போது செய்ததைச் சொல்ல வேண்டும். நல்ல மீட்டரை எடுத்து என் கையில் வைத்தான். "நீதான் ஆம்ப்ளிபயர் பண்றவன். உனுக்குத்தான் கரீட்டா வேணும். எனுக்கு இன்னா, கரண்டு வருதா இல்லியான்னு பாக்கணும். இந்த நோஞ்சானே போதும் மச்சான்" என்றான். அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் ஆரம்பித்து ஊர் முழுக்கச் சொன்னேன், மாப்பிள்ளை என்றால் இவனல்லவா மாப்பிள்ளை என்று. என் மனைவிதான், "சரி சரி, போதும்" என்றாள்.

இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் மாறிவிடக்கூடாது என்று என் தங்கை இரண்டு ரெக்ஸின் உறை தைத்துக் கொடுத்தாள். எனக்குக் கறுப்பு, அவள் வீட்டுக்காரனுக்குக் காக்கி. ஓரத்தில் நெருக்கமாகத் தையல் போட்டு, கம்பிகளைச் சுருட்டி வைக்கத் தனியாகப் பை வைத்து, கடையில் வாங்கினாலும் அப்படிக் கிடைக்காது. கறுப்பு உறையை நான் கழற்றுவதே இல்லை, கண்ணாடியும் திருகும் தெரிகிற மாதிரி வெட்டி வைத்திருந்தாள். ஒரே ஒரு முறை கழற்றினேன். ஒரு நாள் அவசரத்தில் தப்பாக வைத்து உள்ளே இருந்த ஃபியூஸ் போய்விட்டது. அந்த அளவு ஃபியூஸ் புதுச்சேரி முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. ஒற்றை இழைக் கம்பியை அதன் முதுகில் வைத்து ஈயத்தால் ஒட்டி மூடிவிட்டேன். அசிங்கமான வேலை. என் கை அப்படித்தான், ஈயம் கொஞ்சம் அதிகமாகவே விழும்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பிறந்த வீட்டுப் பெண் வந்து பொட்டு வைத்தால்தான் ஆயுதத்துக்குப் பூஜை. அப்பா மாட்டு வண்டி வைத்திருந்தபோது அத்தை வருவாள். கடை என்று ஆனபின் என் தங்கை வந்தாள். கல்யாணமான பிறகு மாப்பிள்ளையும் தன் சாமான்களைக் கொண்டுவந்து என் கடையிலேயே வைத்துவிடுவான். ஒரே மேசை. சால்டரிங் அயன், குறடு, ஸ்குரூ டிரைவர், மைக், எல்லாம் துடைத்து வரிசையாக அடுக்கி, மீட்டர் இரண்டையும் உறையிலிருந்து எடுத்து நடுவில் வைத்தோம், வலது பக்கம் என்னுடையது. தங்கை ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். பொரி, கடலை, வாழைப்பழம். வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. மறுநாள் அவளே பொட்டைத் துடைத்து அவரவர் சாமானை அவரவர் கையில் எடுத்துக் கொடுப்பாள். அதை வாங்கிக்கொண்டுதான் அன்றைய முதல் வேலை. கறுப்பு உறையில் போட்டு என் மீட்டரைக் கொடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு மழை வந்துவிட்டது. பாகூர் ஏரி நிறைந்து, கடை வாசல் வரை ஈரம். மழையிலும் பனியிலும் உட்கார்ந்து தேருக்காக இரண்டு பெரிய ஆம்ப்ளிஃபயர் செய்தேன். மீட்டர் சொன்னபடி எல்லாம் பொருந்தி வந்தது. கடைக்கு வெளியே நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டி வைத்துப் பார்த்தேன், பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் தர்மகர்த்தா வந்து கேட்டார். "தேருக்கு நீயே போடு. சத்தம் நாலு தெருவுக்கும் சமமா இருக்கணும், நடுவுல நிக்கக்கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். என் மனைவி அன்றைக்கு நான் கேட்காமலே இரண்டாவது தடவை காப்பி கொடுத்தாள்.

தேர் அன்று காலையே வெயில் கொளுத்தியது. தேரடியில் பந்தல் என்று பெயருக்கு நாலு ஓலை. மேசை, ஆம்ப்ளிஃபயர்கள், பக்கத்தில் பூஸ்டர் பெட்டி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது தெரியும். கரும்புக்கும் நெல்லுக்கும் மோட்டார் ஓடுகிற நேரத்தில் கரண்ட் படுத்துவிடும், இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில் நூற்று எண்பதுதான் வரும். அதைத் தூக்கிவிடத்தான் பூஸ்டர். மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே திருகை ஒவ்வொரு கட்டமாக ஏற்ற வேண்டும், இருநூற்று முப்பது வந்ததும் நிறுத்த வேண்டும். மைக் செட்டுக்காரன் அத்தனை பேரும் செய்கிற வேலைதான்.

மீட்டர் வெயிலில் மேசைமேல் கிடந்தது. பார்த்தேன். நூற்று எண்பத்தைந்து. "பாத்தியா, சாமி தேருன்னுகூடப் பாக்காம மோட்டாரப் போட்டு வெச்சிருக்கானுங்க!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கத்தினேன். அவர் சிரித்தார். பூஸ்டரை ஏற்றினேன், ஏற்றினேன், மீட்டர் இருநூற்று முப்பது என்று சொன்னதும் நிறுத்தினேன். மேசைக்கு மேலே தொங்கிய பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. புது பல்பு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பாட்டு போட்டேன். அடடா, அந்தச் சத்தம்! நாலு தெருவும் நிறைந்தது. தர்மகர்த்தா தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். மேளம் முழங்கியது, வடத்தில் சனம் கை வைத்தது. அப்போது முதல் பெட்டியிலிருந்து பட்டென்று ஒரு வெடிச்சத்தம். கண்டென்சர் வெடித்துப் புகை எழும்பியது. ஐயோ என்று நான் கையை நீட்டுவதற்குள் இரண்டாவது பெட்டி உறுமியது, பிறகு செத்தது. ஒரு பாட்டு நடுவில் அறுந்து, அவ்வளவு பெரிய கூட்டத்தில் திடீரென்று குழந்தைகள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மைக்கு செட்டு புட்டுக்கிச்சுடோய்!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. வடத்தை இழு, நிறுத்து என்று சொல்ல மைக் இல்லாமல் தேரை நகர்த்த முடியாது. வடத்தில் வைத்த கையை எடுத்துக்கொண்டு சனம் நின்றது. தர்மகர்த்தா வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "உன்ன நம்புனேனே" என்று மட்டும் சொன்னார். அதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு டெம்போ வந்தது. மாப்பிள்ளை. முன்சீட்டிலிருந்து குதித்தான். "மச்சான், நீ தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்றான். பின்னால் இரண்டு ஆம்ப்ளிஃபயர், புத்தம் புதுசு. என் பூஸ்டரை அவன் தொடவே இல்லை. தன் பூஸ்டர் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினான், காக்கி உறை மீட்டரை வைத்துப் பார்த்தான், பாட்டு வந்தது. தேர் நகர்ந்தது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்கம் இல்லாமல், அத்தனை சனத்துக்கு முன்னால் அழுதேன். சாமியே அனுப்பினது மாதிரி வந்தாயடா என்றேன். தேர் நிலைக்கு வந்ததும் அடுத்த வருஷம் அவனே போடட்டும் என்று தர்மகர்த்தா சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். நியாயம்தானே!

கருகிய பெட்டிகளைக் கடையில் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதைப் பார்த்தாலும் கரண்ட் மிஞ்சி வந்து எரிந்த அடையாளம். மிஞ்சி எப்படி வரும்? நான்தான் அளந்து வைத்தேனே! மீட்டரில் பேட்டரி தீர்ந்த குறி வந்தது. உறையைக் கழற்றி முதுகைத் திறந்தேன். உள்ளே ஃபியூஸ் கண்ணாடி பளபளவென்று இருந்தது. முதுகில் கம்பி இல்லை, ஈயம் இல்லை. என் அசிங்கமான ஈயம் எங்கே? புது பேட்டரி போட்டு மீட்டரைத் தகரத்தின் மேல் வைத்தேன். பெட்டிக் கடையில் செல் வாங்கி வந்து பார்த்தேன். ஒன்றேகால்.

நோஞ்சான் என்னிடம் இருந்தது.

பூஜையில் மாறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஏம்பலத்துக்கு சைக்கிள் மிதித்த வழியெல்லாம், இரண்டு பக்கமும் கரும்பு, மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டு போனேன். அவன் டெம்போ அவ்வளவு கிட்டத்தில் எப்படி நின்றது, புது ஆம்ப்ளிஃபயர் எப்போது செய்தான், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விகள் கூடவே வந்தன. அவற்றை நான் ஏற்றிக்கொள்ளவில்லை. என் தங்கை வீட்டுக்குப் போகிறேன் ஐயா, சந்தேகத்தைக் கூட்டிக்கொண்டா போவது?

மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். தங்கை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். காக்கி உறையை எடுத்து வந்தான். நானே திறந்தேன். இருந்தது, என் ஈயம், எப்போதும் போல அதிகமாக.

"அட ஆமா மச்சான்! பூசையில மாறிப்பூட்ருக்கும்" என்றான் அவன். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரி கீதுல்ல. ஏதோ நேரம்."

எனக்கு அப்படியே பாரம் இறங்கிவிட்டது. அதைத்தான் நான் கேட்க வந்தேன். எரிந்த பெட்டி எரிந்தது, போகட்டும், தேர் போகட்டும், என் மாப்பிள்ளை நல்லவன். சிரித்தேன்கூட. உள்ளே பார்த்துத் தங்கையைச் சீண்டினேன்.

"ஏண்டி, உனுக்குக் கண்ணு தெரியலியா? கறுப்புல போட வேண்டியத காக்கியில போட்டுட்டு, அண்ணன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே. இந்த வயசுலயே கண்ணாடி வாங்கணுமா?"

முறம் நின்றது. அவள் சிரிக்கவில்லை. "நீ உள்ள போ" என்றான் மாப்பிள்ளை, சத்தமாக. அவள் உள்ளேதான் இருந்தாள், அதற்கு மேல் உள்ளே போக அந்த வீட்டில் இடம் இல்லை.

"கண்ணு நல்லாத்தாண்ணா தெரிஞ்சுது" என்றாள் என் தங்கை.

அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வலது பக்கம் கீறத காக்கியில போடுன்னு சொன்னாரு. தேரு நமக்கு வந்தா தொழில் நெலைச்சுடும்னாரு. உங்கண்ணன் கெட்டிக்காரன், எப்படியும் கண்டுபுடிச்சி சமாளிச்சுக்குவான்னாரு. போட்டேண்ணா."

மாப்பிள்ளையை அடித்தேனா என்று கேட்பார்கள். இல்லை. அவன்மேல் வந்த கோபத்துக்கு எனக்கு வார்த்தை இருந்தது, துரோகி என்று வாய் நிறையத் திட்டினேன், ஏம்பலம் தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி திட்டினேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் மீட்டரைக் காக்கி உறையிலிருந்து உருவி சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். நோஞ்சானைக் கறுப்பு உறையோடு அங்கேயே வைத்துவிட்டேன். "உறையயாவது எடுத்துக்கினு போண்ணா" என்று அவள் பின்னாலிருந்து சொன்னது கேட்டது. சைக்கிளை எடுத்தேன்.

அந்த மீட்டர் இன்றைக்கும் சரியாகத்தான் காட்டுகிறது. நான் மில்லுக்கும் திரும்பவில்லை, தேருக்கும் திரும்பவில்லை, ரேடியோ ரிப்பேரிலேயே காலம் தள்ளினேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் முதலில் ஒரு புது செல்லை அதில் வைத்துப் பார்ப்பேன். வந்தவர்கள், பெரிய தொழில் சுத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவள் வந்தாள். அவன் வரவில்லை, தனியாகப் பேருந்தில் வந்திருந்தாள், கையில் பூவும் குங்குமச் சிமிழும். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மேசையில் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். "பொட்டு வெக்கட்டாணா?" என்று கேட்டாள்.

"வெச்சாச்சும்மா. நானே வெச்சுட்டேன்" என்றேன்.

பொரிப் பொட்டலம் ஒன்றைக் குழந்தைகளுக்கு என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள்.